பத்தியம் போடும் கம்பவுண்டர்

மூன்று தரம் குலுக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, அடியில் ஒன்றும் தங்கவில்லை என்று நிச்சயமான பிறகுதான் ஸ்ரீரங்கன் எந்த மருந்துப் பாட்டிலையும் கையை விட்டுக் கொடுப்பார். பதினெட்டு வருஷப் பழக்கம். வீட்டில் காப்பி டம்ளரைக்கூட மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வாயில் வைக்கிறார் என்று அவர் மனைவி அலுத்துக்கொள்கிறாள்.

லஸ் பக்கத்தில் டாக்டர் வேதநாயகத்தின் டிஸ்பென்சரியில் அவர் கம்பவுண்டர். நெற்றியில் திருமண், விரல் நுனியில் அயோடின் கறை. இரண்டும் அழிந்து யாரும் பார்த்ததில்லை. பாட்டில் கொண்டு வராதவர்களுக்கு மிக்ஸ்சர் கிடையாது என்பதில் மகா கண்டிப்பு. வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் ஒரு மார்க். ஒரு வேளைக்கு ஒரு மார்க்.

டிஸ்பென்சரிக்கு வருகிற குழந்தைகளில் பாதிப் பேருக்கு வியாதியே கிடையாது. வக்கீல் வீட்டுச் சந்திரமௌலியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயசு. கட்டிலுக்கு அடியில் படுத்து ரயில்வே கைடைப் படிப்பதுதான் அவன் விளையாட்டு. எழும்பூரிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் ஸ்டேஷன்களை ஒப்பிப்பான். தன் தெரு எங்கே போய் முடிகிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

"வெளியில போய் விளையாடுடான்னா, ஜுரம் வந்தாப்பல மூஞ்சியை வெச்சுக்கறான். உடம்புல என்னமோ இருக்கு," என்று தாயார் அழைத்து வந்தாள்.

டாக்டர் நாக்கைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றுமில்லை என்று சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்? காலிப் பாட்டிலோடு வந்தவள் காலிப் பாட்டிலோடு திரும்புவதா? ஆகவே அவர் ஒரு டானிக் எழுதினார். ஆரஞ்சுத் தோல் சத்து, சர்க்கரைப் பாகு, தண்ணீர், கொஞ்சம் ரோஜா நிறம். அதைக் கலந்து, குலுக்கி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கன் குரலைத் தாழ்த்தினார்.

"மாமி, மருந்து பெரிசில்லே. பத்தியம்தான் பெரிசு. நாலு மணிக்கு ஒரு மார்க். குடிச்சதுலேர்ந்து விளக்கு வெக்கற வரைக்கும் குழந்தை தலைக்கு மேல கூரை இருக்கப்படாது. நன்னா ஓடி வேர்க்கணும். வேர்த்தப்பறம் அந்த இடத்துலயே இன்னொரு மார்க். வேர்க்கலேன்னா மருந்து உள்ளேயே நின்னுடும்."

மருந்தை மறந்தாலும் மறப்பார்கள். பத்தியத்தை மீறும் துணிச்சல் மயிலாப்பூரில் எந்தத் தாய்க்கும் கிடையாது. "உள்ளேயே இருக்கேனே அம்மா" என்று கெஞ்சிய பிள்ளையைக் கையில் பாட்டிலோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள் அந்த அம்மாள். இன்று சித்திரகுளத்துப் பக்கத்துக் காலி மனையில் சாயங்காலம் போய்ப் பார்த்தால், சுவரோரம் பதினைந்து பாட்டில்கள் வரிசையாக நிற்கும். பாட்டிலுக்கு உரியவர்கள் புழுதியில் புரண்டுகொண்டிருப்பார்கள்.

டிஸ்பென்சரி பெருக்குகிற குப்பம்மா ஸ்ரீரங்கனை விடுவதில்லை. "இன்னா சாமி, சக்கரைத் தண்ணிக்குப் போயி இம்மாம் பெரிய பத்தியம் சொல்லிக்கினு கீறே?"

"போடி, பத்தியத்துக்குத் துணையாத்தான் தண்ணி," என்பார். டாக்டர் காதிலும் விஷயம் விழுந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அடுத்து வந்த தாயாரிடம், "பத்தியத்தைக் கம்பவுண்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்," என்றார்.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை நோயாளி என்பார்கள். ஊர்க் குழந்தைகளையெல்லாம் தெருவுக்குக் கிளப்பியவருக்கு, சொந்தப் பெண் செங்கமலத்தை வாசற்படி தாண்ட வைக்க முடியவில்லை. எட்டு வயசு. மருந்துக் காகிதங்களுக்குப் பல் வெட்டுகிறவள் அவள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கூடத்து மூலை, கத்தரிக்கோல், பழைய காலண்டர். அவளுக்கு வேறு உலகம் வேண்டாம். ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுத்தார். கொடியாகக் கட்டித் துணி உலர்த்தினாள். அதட்டிப் பார்த்தார், அழுதாள், வெட்டுவதை நிறுத்தவில்லை. பத்தியமும் பலிக்காது. ரோஜா நிறத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவளாயிற்றே! அந்தச் சின்ன முகம் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டிஸ்பென்சரிக்கு விடுமுறை. சந்திரமௌலி மூச்சிரைக்க வீட்டு வாசலில் வந்து நின்றான். "மாமா, வேர்வையில மார்க் காகிதம் கழண்டுடுத்து. ரெண்டாவது மார்க் எதுன்னு தெரியலே."

செங்கமலம் வேறு காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுத்தாள். அவன் பறந்துவிட்டான். அவள் உள்ளே திரும்பவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அவன் போன திசையையே பார்த்தாள். பிறகு மெல்லப் படியிறங்கி, அவன் பின்னாலேயே போனாள். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த ஸ்ரீரங்கன் அசையக்கூடப் பயந்தார்.

கால் மணி ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டாள். "சேத்துக்க மாட்டேங்கறா அப்பா. பாட்டில் இல்லாதவாளுக்கு ஆட்டம் கிடையாதாம்."

இனி இவளை யார் கிளப்புவது? அவர் ஊஞ்சலை விட்டு எழுந்திருப்பதற்குள் அவள் சமையலறை அலமாரியைக் குடைந்தாள். விளக்கெண்ணெய் இருந்த காலிப் பாட்டில் ஒன்று கிடைத்தது. கழுவினாள். மூலைக்குப் போய்க் காகிதம் வெட்டினாள். ஒட்டிக் கொண்டு வந்து நீட்டினாள். வழக்கமான ஆறு பல் இல்லை. கழுத்திலிருந்து அடிவரைக்கும் பொடிப் பொடியாக இருபதுக்கு மேல் இருந்தன.

"மருந்து ஊத்துங்கோப்பா."

"நம்மாத்துல ஏதும்மா மருந்து? தண்ணிதான் இருக்கு."

"தெரியும். ஊத்துங்கோ."

குடத்திலிருந்து மொண்டு ஊற்றினார். அவள் கையை நீட்டவில்லை. "பத்தியம் சொல்லலியே?"

ஸ்ரீரங்கன் குரலைத் தாழ்த்தினார். "விளக்கு வெக்கற வரைக்கும் தலைக்கு மேல கூரை இருக்கப்படாது. நன்னா வேர்க்கணும்." தக்கையை அழுத்தி மூடினார். வெறும் தண்ணீரை மூன்று தரம் குலுக்கினார். ஜன்னலண்டை போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அடியில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, அவள் கையில் கொடுத்தார்.