அமோஸ் புதைத்த ஆடுகள்

அமோஸுக்கு அறுபத்தைந்து வயது. ஆடு வளர்க்கிறவன். பதினோரு கோடையாக எங்கள் தொல்லியல் குழுவோடு தோண்டவும் வருகிறான். புல்தரையைச் சதுரம் சதுரமாக வெட்டி, வேர் அறாமல் அடுக்கி, கடைசி நாளில் திரும்பப் பதிப்பது அவன் வேலை. மண் சலிப்பது என் வேலை. என் முதுகைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நார்வே பக்கமிருந்து வந்து குடியேறிய நார்ஸ்காரர்கள் அறுநூறு வருடத்துக்கு முன் விட்டுப்போன புல்வெளியில்தான் எங்கள் ஆடுகளும் மேய்கின்றன. கிரீன்லாந்தில் நல்ல புல் வேறெங்கே இருக்கிறது? இந்த வருடம் தோண்டியது அமோஸ் வீட்டுக்குப் பின்னாலிருந்த நார்ஸ்காரர்களின் இடிந்த கல் தொழுவத்தை. அதைத் தோண்ட வேண்டாமென்று அவன் இரண்டு முறை முனகினான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நான் உட்பட.

மூன்றாவது வாரம், புல்லுக்கடியில் முழு முழு எலும்புக்கூடுகளாக ஆடுகள் கிடந்தன. டென்மார்க்கிலிருந்து வந்த எங்கள் தலைவி மெரெட்டே குழியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை நாங்கள் டீச்சர் என்போம்.

"ஒரு வெட்டுத் தடம்கூட இல்ல. பட்டினியில செத்திருக்கு. இதுதான் நார்ஸ்காரங்களோட கடைசிக் குளிர்காலம்! இன்னிக்கே பத்திரிகைக்குப் போன் பண்றேன்."

எலும்பின் வயதைச் சொல்லும் ஆய்வுக்கூட முடிவு வர ஆறு மாதமாகும். அதுவரை அமோஸ் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். களைத்த மனிதனுக்கு உண்மை பேசுவதும் ஒரு கூலியில்லாத வேலை.

மதியம் சூப்பை அவன் தொடவில்லை. எங்களுக்குச் சமைக்கிறவள் அவன் மனைவி பிபியானா.

"என்ன, எலும்பப் பாத்துப் பயந்துட்டியா? குடி, ஆறுது. கடல்நாய்க் கறி ஆறினா உன் செருப்பு மாதிரி ஆயிடும்."

"டீச்சர், போன் பண்ணாதீங்க," என்றான் அமோஸ். "அது எங்க ஆடு. பத்தொம்பது வயசுல நாந்தான் பொதச்சேன்."

அவன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"அந்தக் குளிர்காலம் பனிமேல மழ பேஞ்சு கண்ணாடியா எறுகிப்போச்சு. ஆடு கிளறித் தின்ன முடியல. கோடையில அறுத்துக் காயவெச்ச புல்லும் பாதிகூட இல்ல. அறுக்கற ரெண்டு வாரமும் நான் வீட்டுல இல்ல. அப்பா ஒத்த ஆளு, என்ன பண்ணுவாரு? ஆடெல்லாம் கடல் பனி ஒடஞ்சு முழுகிடுச்சுன்னு ஊருக்குச் சொன்னாரு. பழி எம்மேல விழாமக் காப்பாத்தத்தான். இங்க பொதைடா, பழைய இடிபாட்டுல மம்புட்டி வைக்கக் கூடாதுன்னு சட்டமிருக்கு, ஒருத்தனும் தோண்ட மாட்டான்னாரு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

"அந்த ரெண்டு வாரம் எங்க போயிருந்தீங்க?" என்றார் டீச்சர்.

பிபியானா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நார்சாக் ஊருல, எங்க வீட்டுல இருந்தான். கல்யாணத்துக்கு முந்தின வருஷம். நாந்தான் வரச்சொன்னேன்." அவன் பக்கம் திரும்பினாள். "வீட்டுல வேல ஒண்ணுமில்லன்னியே அமோஸு. நாப்பத்தாறு வருஷமா, என் வாழ்க்கையில நல்ல நாளு எதுன்னு யாரு கேட்டாலும் அந்த ரெண்டு வாரத்தத்தானே சொல்றேன்."

"சொல்லியிருந்தா அன்னிக்கே என்னப் படகு ஏத்தி அனுப்பியிருப்ப."

"ஆமா, அனுப்பியிருப்பேன்," என்றாள். அவன் பக்கத்தில் பலகையில் இடமிருந்தது. அவள் உட்காரவில்லை.