நேர் வரிசையில் மலைவேம்பு

பனியன் கம்பெனியில் எனக்கு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேலை. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் முன்பெல்லாம் தையலையும் சாயத்தையும்தான் கேட்பார்கள். இப்போது, பூமி சூடாவதைக் குறைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு படிவம் அனுப்புகிறார்கள். முதலாளி அதை என் தலையில் கட்டினார்.

எனக்கு உடனே தோன்றியது காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கொரங்காடு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமுமாக, மாடு மேய்வதற்கென்றே விட்ட நிலம். அண்ணன் அதை நம்பித்தான் ஐந்து மாடுகள் வைத்திருந்தார். மாடு விடும் ஏப்பத்தில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வருகிறது என்று எங்கோ படித்திருந்தேன். அரைகுறையாகப் படித்தவளுக்குத்தான் வாய் அதிகம்.

"மேய்ச்சலை நிறுத்திட்டு மரம் வெச்சரலாங்ண்ணா. கம்பெனியே கன்னு குடுக்கும்" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப மாடு?"

"கட்டுத்தறியிலயே தீனி போட்டுக்கலாங்ண்ணா."

இரண்டு வாரம் நச்சரித்தேன். கடைசியில் டிராக்டர் வந்து உழுதது. கோணல்மாணலாக நின்ற வெள்வேல மரங்கள் வரிசைக்கு இடைஞ்சல் என்று அவற்றையும் பிடுங்கச் சொன்னேன். ஆமாம், மரம் வைப்பதற்காக மரத்தைப் பிடுங்கினேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. மலைவேம்புக் கன்றுகள் நேர் வரிசையில் நின்றன. போட்டோ நன்றாக வந்தது என்று ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள்.

போன மாதம், படிவத்தில் நாங்கள் எழுதியதைச் சரிபார்க்க, மண் பரிசோதிக்கும் பெண் ஒருவர் வந்தார். எங்கள் நிலத்தில் ஒரு குழி தோண்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளியின் கொரங்காட்டில் இன்னொரு குழி. அவர்கள் மண் வேரும் கட்டியுமாகச் சேர்ந்து வந்தது. எங்களுடையது விரலிடுக்கில் புழுதியாக உதிர்ந்தது.

"இதை எதுக்குங்க உழுதீங்க?" என்றார்.

காற்றில் இருக்கும் கரியமில வாயுவைப் புல் இழுத்து, வேர் வழியாக மண்ணுக்குள் கரிமமாகச் சேர்த்து வைத்திருந்ததாம். உழுததில் அது கிளம்பி மறுபடி காற்றுக்கே போகிறதாம். மாடுகளை அளவாக விட்டு, இடம் மாற்றி மாற்றி மேய்த்திருந்தாலே போதுமாம். கட்டுத்தறியில் மாடுகள் லாரியில் வந்த வைக்கோலைத் தின்று, அங்கேயும் ஏப்பம்தான் விட்டுக்கொண்டிருந்தன. எதைத்தான் குறைத்தேன் நான்?

அண்ணன் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. "நீ படிச்சவ கண்ணு, தெரிஞ்சுதான் சொல்லுவேன்னு உட்டுட்டேன்" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "இப்பப் புல்லு வெதைச்சா, பக்கத்துக் காட்டு மண்ணு மாதிரி எப்பங்க ஆகும்?"

அந்தப் பெண் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வயசாச்சுங்க?"

"அறுவத்திமூணுங்க."

அந்தப் பெண் குனிந்து குழியை மூடத் தொடங்கினார்.