வெயிலுக்கு விதி இல்லை

மாடக்கண்ணு பிறவியிலேயே வெள்ளை. முடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை. கூட வேலை பார்ப்பவர்கள் அவரைத் ‘தொரை’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக ரோட்டு வேலையில் கல் சுமந்தவர். 1978 கோடையில் அவர் காது மடலில் ஒரு புண் ஆறவே இல்லை. தோல் புற்றின் ஆரம்பம் என்று அறுத்தெடுத்த டாக்டர், இனி இவர் மேல் வெயில் படக்கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டு தென்காசியில் சாலை அலுவலக எழுத்தரான என் மேஜைக்கு வந்தது. சுந்தரபாண்டியபுரத்தில் எங்கள் தெருவுக்கே முதல் பட்டதாரி நான். விதிப் புத்தகத்தில் இல்லாதது எதுவும் இல்லை என்று நம்பியிருந்தேன். பாம்புக் கடிக்கு விதி இருந்தது. கண்ணில் கல் தெறித்தால் அதற்கும் இருந்தது. வெயிலுக்கு இல்லை. கடைசியில் ‘உடல்நலம் குன்றியோருக்கு இலகுவான பணி’ என்ற விதியைப் பிடித்து, நல்ல தமிழில் உத்தரவு எழுதி, இன்ஜினியரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

பத்து நாள் கழித்து மேலகரம் வழியாகச் சைக்கிளில் போனேன். உச்சி வெயில். தார் போடும் இடத்தில், நடு ரோட்டில், சிவப்புக் கொடியோடு மாடக்கண்ணு நின்றார். காதில் கட்டு.

“சார் புண்ணியத்துல சுமட்டு வேலை இல்ல. சும்மா நிக்கேன்.”

“வெயில் படக்கூடாதுன்னுதான அண்ணாச்சி சீட்டு? புளியமரத்தடிக்குப் போங்க.”

“அங்கன நின்னா பஸ்காரனுக்குக் கொடி தெரியுமா? தார் போடுத இவங்க மேல ஏத்திருவான்.”

மேஸ்திரி பரமசிவன் சிரித்தார். “பி.ஏ. படிச்சவுக போட்ட ஆர்டர்லா. தொரைக்கு மட்டுந்தான் வெயில் சுடுதாக்கும். எங்களுக்கு என்ன, நெலாவா காயுது?”

அலுவலகம் திரும்பி, வெயில் ஏறுமுன்னும் சாய்ந்தபின்னும் மட்டும் அவருக்கு வேலை தரலாம் என்று குறிப்பு எழுதினேன். இன்ஜினியர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: ‘முழு நேரம் உழைக்க இயலாதவரா? எனில் பெயரை நீக்கலாமா?’

மறுநாள் மேலகரம் போய் அதை மாடக்கண்ணுவிடம் படித்துக் காட்டினேன்.

“வீட்ல நாலு வாயி இருக்கு. இனிமே எனக்காக ஒண்ணும் எழுதாதீய சார்.”

எழுதினால் அவருக்கு வேலை போகும். எழுதாவிட்டால் மிச்சக் காதும் போகும். காகிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றேன்.

“ஏலே தொரை, கொடிய இங்கன கொண்டா” என்றார் பரமசிவன். “கல்ல மரத்தடியில கொட்டச் சொல்லுதேன். நிழல்ல உக்காந்து ஜல்லி ஒடை.”

ஜல்லி உடைப்பதுதான் அங்கே இருப்பதிலேயே கடினமான வேலை. உத்தரவோ இலகுவான பணி என்கிறது. கையோடு கொண்டுபோன வேலைப் பதிவேட்டில் எதை எழுத?

“கொடி பிடிச்சான்னே எழுதுங்க சார்” என்றார் மாடக்கண்ணு, மரத்தடிக்கு நடந்தபடியே.

அப்படியே எழுதினேன். செய்தது சரியா என்று இன்னும் விளங்கவில்லை. நிமிர்ந்தபோது, கொடியோடு வெயிலில் நின்ற பரமசிவன், வழியை விட்டு விலகச் சொல்லி எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.