கண்ணாடிக்குள் ஒரு வருகைப் பட்டியல்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டேன். நாக்பூரில் லாரி கிளீனர், பூனாவில் கேண்டீன், பிறகு ஹைதராபாத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஜெராக்ஸ் அறை. கொண்டாப்பூரைத் தாண்டி, பாறைகளுக்கு வெடி வைத்துக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்த பக்கம். மெஷினுக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அது போதுமாக இருந்தது.

நான் சேர்ந்த வருடம்தான் ஆசிரியர் சங்கம் விடைத்தாள் திருத்தமாட்டோம் என்று உட்கார்ந்து, நிர்வாகத்தோடு புது ஒப்பந்தம் போட்டது. கோடை விடுமுறைக்கும் சம்பளம் உண்டு என்றானது. அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. அங்கே வேலைக்குச் சேரும்போதே டிகிரி, மார்க்‌ஷீட் எல்லாவற்றின் ஒரிஜினலையும் வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிடுவார்கள். அது இல்லாமல் யாரும் வேறு வேலைக்குப் போக முடியாது. அவற்றைத் திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது.

கணக்குப் பாடம் எடுத்த மேடம் அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனியாக ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கொண்டார். திண்டுக்கல்காரர். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி வேலைக்கு அவர் பெயர் வந்திருந்தது. அடுத்த மாதக் கடைசியில் சென்னையில் ஒரிஜினலைக் காட்டவேண்டும்.

“இதை விட்டா வயசு தாண்டிரும் தம்பி. அப்புறம் இந்தப் பாறைதான்” என்றார்.

சங்கச் செயலாளர் மெக்கானிக்கல் சார். ஹைதராபாத்தை ஒட்டிய போலாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். கோபம் வந்தால் பாதி உருதுவாகிவிடும். வெற்றி விழா லட்டு தீர்வதற்குள் அடுத்த வேலையை ஆரம்பித்துவிட்டார்.

“ஜெயிச்சாச்சுன்னு வீட்டுக்குப் போனா அது வெறும் பேப்பர். பாதிப் பேர் இன்னும் சங்கத்துக்கு வெளியில நிக்கிறாங்க. இப்பதான் ஆள் சேர்க்கணும்.”

புதன்கிழமை மாலைகளில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூட்டம் நடந்தது. படிவங்களை எடுத்துக்கொண்டு நானும் போவேன். முதல் கூட்டத்திலேயே சார் ஒரு நீள நோட்டைப் பிரித்தார். பெயர், துறை, வந்த நேரம், கையெழுத்து. தாமதமாக வந்தவர்களுக்குச் சிவப்பு மை.

“சார், நான் இருந்த கேண்டீன்ல இந்த மாதிரி கூடினா யாரும் பேரு எழுத மாட்டாங்க” என்றேன்.

“அரே, கைக்கு பயம்? எதுக்குப் பயப்படணும்? ஒப்பந்தம் கையில இருக்கு. நாம ஒளிஞ்சா புதுசா சேர்றவன் எப்படி வருவான்?”

மேடம் சிரித்தார். “விடு தம்பி. டீ குடிக்கக் கூடினாலே அட்டெண்டன்ஸ் எடுக்கிற ஆளுங்க நாங்க.”

இரண்டாம் தடவை நான் சொல்லவில்லை.

நான்கு புதன்கிழமைகள் போயின. வராதவர்களுக்கு வெட்கம் வரட்டும் என்று சார் ஒரு பட்டியல் டைப் செய்தார். மாணவர்களுக்குப் போடுவது போலவே, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே வருகைச் சதவீதம். எழுபத்தைந்துக்குக் குறைந்தால் நட்சத்திரக் குறி. கணக்கு மேடத்துக்கு நூறு. காப்பிகள் நான்தான் எடுத்தேன். எல்லாத் துறை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார்கள்.

அதற்கு முன் சங்கத்தின் நோட்டீஸ் எதுவும் அங்கே பத்து நிமிஷம் தங்கியதில்லை; வாட்ச்மேன் கிழித்துவிடுவார். இதை யாரும் கிழிக்கவில்லை. மறுநாள் ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து, திறந்தே கிடந்த பலகைகளின் கண்ணாடிக் கதவுகளைச் சாத்திப் பூட்டிவிட்டுப் போனார். காற்றில் பறந்துவிடக் கூடாதாம்.

பிறகு ஒரிஜினல் கொடுக்க ஆரம்பித்தார்கள். நட்சத்திரக் குறி போட்டவர்களை முதலில் கூப்பிட்டார்கள். கை குலுக்கி, உறையில் போட்டுத் தந்தார்கள். நட்சத்திரம் இல்லாதவர்களிடம் ஃபைலைத் தேடுகிறோம் என்றார்கள். ஐந்தாவது புதன்கிழமை மாடியில் பாதி நாற்காலி காலி. ஆறாவது வாரம் ஒன்பது பேர். அதில் மேடமும் ஒருவர்.

சென்னையில் ஒரிஜினலைக் காட்டவேண்டிய நாளுக்கு முந்தின தினம் ஆபீசிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நிர்வாக அதிகாரியின் மேஜைக்கு எதிரே மேடம் உட்கார்ந்திருந்தார். அதிகாரிக்கு முன்னால் மேடத்தின் ஃபைல். அதன்மேல் ஒரு கடிதம். கையெழுத்தானதும் அதைக் காப்பி எடுக்க நான் நிற்கவேண்டும்.

அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. “டைம் தீஸ்கோண்டி மேடம்” என்றார். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

மேடம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே தமிழில் சொன்னார்: “செயலாளர் மிரட்டி என்னை நோட்டுல கையெழுத்து போட வச்சார்னு எழுதியிருக்கு தம்பி. கூட்டத்துக்கு வரலைன்னா வேலை போயிரும்னு சொன்னாராம்.”

நான் மேஜைமேல் இருந்த ஃபைலைப் பார்த்தேன்.

“சாயங்காலம் ஆறரைக்கு ரயில்” என்றார். இதையும் என்னிடம்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கையெழுத்து போட்டார். அதிகாரி அந்தத் தாளை ஏற்கெனவே இருந்த ஒரு கட்டின் மேல் வைத்து, முழுக் கட்டையும் என்னிடம் கொடுத்தார். எல்லாம் ஒரே வாசகம். அடியில் பெயர்கள் மட்டும் வேறு. ஏழு பேர். எல்லோரும் அந்த ஒன்பது பேரில் இருந்தவர்கள். இரண்டு செட் எடுத்துக் கொடுத்தேன். மெஷின் சூடாக இருந்தது. ஒரு தாள்கூடச் சிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆசிரியர்களை மிரட்டியதாக விளக்கம் கேட்ட மெமோவும் கையுமாகச் சார் ஜெராக்ஸ் அறைக்கு வந்தார். வக்கீலுக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். இணைப்புக் கடிதங்களை விடைத்தாள் புரட்டுவது போல ஒவ்வொன்றாகப் புரட்டி, மேடத்தின் கடிதத்தில் நின்றார்.

“அவங்களுக்கு ஒரிஜினல் கிடைச்சுதா?”

“கிடைச்சுது சார். அன்னைக்கே ரயிலேறிட்டாங்க.”

“ஹவ்” என்றார். ஆமாம், சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். “நல்லதாப் போச்சு.”

“உங்களது சார்?”

காப்பிகளை அடுக்கித் தட்டிச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “என்னை இன்னும் யாரும் கூப்பிடலை.”