புகை வீட்டில் காய்ந்த பலகைகள்

யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக ஒரு பெரிய ஹோட்டல் கட்டினார்கள். மண்டபக் கூரைக்கு வில் மாதிரி வளைந்த மரங்கள் வேண்டும். எங்கள் தோட்டத்து ரப்பர் மரத்தைப் பலகையாக அறுத்து, ஆவியில் வேகவைத்து வளைத்தோம். பீப்பாயில் தண்ணீர் கொதிக்க, ஆவி குழாய் வழியாக நீளமான பெட்டிக்குள் போகும். உள்ளே பலகை வேகும். தீ பார்ப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே பெரிய விஷயம்.

அப்போது என் மனைவியின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. குவைத்தில் வீட்டு வேலை. கூரை சரியாக வந்தால் அடுத்த கட்டிடத்துக்கும் எங்களையே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் போகமாட்டேன் என்றாள். அதனால் ஒவ்வொரு பலகை வெளியே வரும்போதும் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன்.

முதலில் நன்றாகத்தான் வந்தது. சூடு ஆறுவதற்குள் தூக்கி, அச்சில் வைத்து, இழுத்து இறுக்க வேண்டும். தலைமைத் தச்சர் பாஸ், "இக்மனட, இக்மனட!" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தி எங்களை விரட்டுவார். பலகை முனகிக்கொண்டே வளையும்.

பிறகு மழை பிடித்தது. அடுக்கி வைத்த பலகைகளில் பூஞ்சணம் ஏறியது. நான் போய்ப் போய்ப் பார்த்தேன்.

"மழை பெஞ்சாலும் அழுவுற, வெயில் அடிச்சாலும் அழுவுற. ஒனக்குன்னு தனியா ஒரு வானம் செய்யணும் மச்சான்" என்றான் கூட வேலை செய்தவன்.

"பலகையெல்லாம் கறுத்துப் போவுதே, பாஸ்?" என்றேன் தச்சரிடம்.

"பயம் வேணாம் மல்லி. புகை வீடு சும்மாதானே இருக்கு?" என்றார். மல்லி என்றால் அவர் மொழியில் தம்பி.

ரப்பர் ஷீட் காயவைக்கிற பழைய புகை வீடு. எங்கள் எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. நனைந்தது எதுவானாலும் அங்கே போட்டால் சரியாகிவிடும் என்றே வளர்ந்தவர்கள் நாங்கள். மிச்சப் பலகை அத்தனையையும் உள்ளே அடுக்கித் தீ மூட்டினோம். அன்றைக்கு மட்டும் நான் கவலையில்லாமல் தூங்கினேன்.

பூஞ்சணம் போய், தக்கை மாதிரி லேசாக வந்தன பலகைகள். வேகவைத்து அச்சில் வைத்து இழுத்தோம். பாதியில் படாரென்று வெளிப்பக்கம் பிளந்தது. அடுத்ததும் அப்படித்தான். ஆற்றில் ஊறப்போட்டோம், கூடுதல் நேரம் வேகவைத்தோம். ஒன்றும் வளையவில்லை.

பாஸ் கத்தவில்லை. "ரொம்ப காஞ்சிட்டு. உள்ளே ஈரம் இருக்கணும். இனி வளையாது" என்றார்.

ஹோட்டல் எஞ்சினியர் பிளந்த இடத்தைப் பார்த்துவிட்டு போன் எடுத்தார். சில நாளில் வளைத்த இரும்புக் குழாய்கள் லொறியில் வந்தன. இறக்க எங்களையே கூப்பிட்டார்கள். இறக்கியதும் போகச் சொன்னார்கள்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப குவைத்துக்கு போறேன்னு ஏஜென்சிக்கு சொல்லிரவாங்க?"

"வேற ஏதாச்சும் வேலை பாப்போம் புள்ள."

"என்ன வேலைங்க?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன்.

பிளந்த பலகைகளை விறகுக்கு எங்கள் லயத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அவள் புறப்பட்ட அன்று காலையில் அதில்தான் சமைத்தாள். ஊதாமலே பிடித்தது.

"நல்லா எரியுதுங்க. மிச்சத்த நனையாம வையுங்க. புள்ளைங்களுக்கு ஆக்கணுமில்ல."

அடுப்புக்கு மேலே அடுக்கி வைத்திருக்கிறேன். மழை சத்தம் கேட்டால் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். பாதி தீர்ந்துவிட்டது.