ஏழாம் நம்பர் மலைக்கு ஒரு பெரிய லென்ஸ்

ஸ்டூடியோ தொழிலில் இருப்பவனுக்கு ஒரு கமரா, ஒரு ஸ்டூல், "கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க" என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் பொறுமை, இந்த மூன்றும் போதும். நாலாவதாக ஒன்றுக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். பெரிய லென்ஸைக் கட்டிக்கொண்டு மாரடித்த சகோதரர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வதில் ஒரு வரிகூட மிகையில்லை என்று சாட்சி சொல்வார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் இலங்கை மலைநாட்டில், பலாங்கொடை பஜாரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. அடையாள அட்டைப் படம், கல்யாணம், சடங்கு, இவைதான் பிழைப்பு. பறவைப் பைத்தியமான ஒரு பழைய தோட்டத் துரை பங்களாவைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போகும்போது, தன்னுடைய தூர லென்ஸை என் கையில் தூக்கிக் கொடுத்தார். அறுநூறு மில்லிமீட்டர். ஆறு கிலோ. நல்லவேளையாக என் கமராவில் பொருந்தியது. ஆனால் வந்தது வெறும் லென்ஸ் மட்டும்தான். அதன் மர ஸ்டாண்டைக் கறையான் தின்றுவிட்டது. முன்மூடியை நாய் கடித்துவிட்டது. பெட்டியை அவர் சம்சாரம் பீங்கான் கோப்பை அடுக்க எடுத்துக்கொண்டார். "லென்ஸ்தானே முக்கியம், மத்ததெல்லாம் சும்மா சாமான்" என்று சொல்லிவிட்டுத் துரை பிளேன் ஏறிவிட்டார்.

அக்கா வந்தாள்

என் அக்கா அப்போது மேலே தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் நம்பர் மலை என்று அவர்கள் சொல்லும் தேயிலைப் பகுதியின் உச்சியில், பாறை மேலே, ஒரு சிறுத்தை இரண்டு குட்டிகளோடு படுத்திருந்ததை அவளும் இன்னும் நாலு பெண்களும் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். தோட்டத்தை நடத்தும் துரை, இவர் வேறு ஆள், நம்பவில்லை. காட்டுப்பூனையைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறார்கள் என்றார். மலைக்குப் போகாதவர்களுக்கு அன்றைக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை என்று உத்தரவு போட்டார். சிறுத்தையைப் படத்தில் காட்டுங்கள், மலையை மூடுகிறேன் என்று மட்டும் ஒரு வார்த்தை விட்டிருந்தார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அக்கா ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஸ்டூடியோவுக்கு வந்தாள். லென்ஸை ஏற இறங்கப் பார்த்தாள். நானும் பெருமையாக அதைத் துடைத்து மேசையில் வைத்து, சிறுத்தை என்ன, அதன் மீசையைக்கூட எண்ணலாம், சாமான் மட்டும் கொஞ்சம் வாங்க வேண்டும் என்றேன். அக்கா எழுந்து புடவையை உதறிக்கொண்டு சொன்னாள்: "அப்ப சீக்கிரமா வாங்கு தம்பி. அதுவும் குட்டி வச்சிருக்கு, நாங்களும் புள்ளகுட்டி வச்சிருக்கோம்."

உறை

ஸ்டாண்ட் கேட்டு இரத்தினபுரிக்குப் போக வேண்டும். ஸ்டாண்ட் எந்த லென்ஸுக்கு என்று காட்டாவிட்டால் கடைக்காரர் வாய் திறக்கமாட்டார். லென்ஸை எதில் கொண்டுபோவது? சாக்கில் போட்டால் கண்ணாடி போச்சு. கையில் பிடித்தால் கை போச்சு. கோயிலில் தவில் வாசிப்பவர் தன் பழைய தவில் உறையைக் கொடுத்தார். உள்ளே இரண்டு துவாயைச் சுருட்டி வைத்தால், அளவெடுத்துத் தைத்தது மாதிரி லென்ஸ் உட்கார்ந்துகொண்டது.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் ரோட்டில் பத்து மைலுக்கு ஒரு சோதனைச்சாவடி. பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒரு போலீஸ்காரர் என் தோளில் இருந்த உறையைப் பார்த்துச் சிரித்து, எங்கே, கொஞ்சம் வாசித்துக் காட்டு என்றார். நான் உறையின் வாயை அவிழ்த்தேன். தவில் உறைக்குள் இருந்து ஒரு கறுப்புக் குழாய் வெளியே வந்ததும் அவர் சிரிப்பு நின்றது, சுற்றி நின்றவர்கள் நாலடி தள்ளி நின்றார்கள். நான் அவசரம் அவசரமாக லென்ஸில் கமராவைப் பூட்டி, சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கும்பிட்டு, பாருங்க சேர், பாருங்க சேர் என்று அவர் கண்ணில் வைத்தேன். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ்காரர் இரண்டு தடவை ஹோர்ன் அடித்துவிட்டார். கடைசியில் கண்ணை எடுக்காமலே, சிங்களத்தில் தம்பி என்கிற 'மல்லி'யோடு சொன்னார்: "மல்லி, அந்தா தூரத்துக் கடையில இப்பதான் ரொட்டி சுடுறான். ஆவி பறக்குது. போற வழியில எனக்கு ரெண்டு வாங்கிக் குடுத்திட்டுப் போங்க."

இரத்தினபுரியில் ஸ்டாண்ட் இல்லை என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

முன்மூடி

லென்ஸின் முன்னால், பக்கத்து வெளிச்சம் கண்ணாடியில் விழாமல் மறைக்க, இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாய் மாட்ட வேண்டும். அது இல்லாமல் எடுத்தால் படம் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். பஜாரில் பீலி, புனல், எண்ணெய் டின் எல்லாம் செய்கிற ஒரு தகர பாஸ், அதாவது தகர வேலைக்காரர், இருந்தார். பெரிய பால்மா டின் ஒன்றை வெட்டி, லென்ஸின் வாய்க்கு அளவெடுத்து, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுக்கச் சொன்னேன். நாளைக்கு என்றார். நாளைக்கு என்றால் எங்கள் பஜாரில் ஐந்தாம் நாள் என்று அர்த்தம்.

ஐந்தாம் நாள் வாங்கிப் பார்த்தேன். வேலை சுத்தம். லென்ஸில் சிக்கென்று பொருந்தியது. கமராவில் கண்ணை வைத்தால் கும்மிருட்டு. திருப்பிப் பார்த்தால், மனிதர் முன்பக்கத்தை ஒரு வட்டத் தகரத்தால் அடைத்து, ஈயம் பற்றவைத்து, தண்ணீர் ஊற்றிச் சோதித்தும் பார்த்திருக்கிறார். இதென்ன பாஸ், இப்படி அடைத்துவிட்டீர்களே என்று நான் கத்த, அவர் என்னைவிடக் கோபமாக, ஆனால் சிங்கள மரியாதை குறையாமல் சொன்னார்: "அடி இல்லாத டின்ன வெளிய அனுப்பினா ஊர்ல என் பேரு என்ன ஆகிறது, மஹத்தயா?"

ஸ்டாண்ட்

ஸ்டூடியோவில் இருந்த ஸ்டாண்டில் லென்ஸை ஏற்றினேன். அது பிரசவத்துக்குப் போன மாதிரி மூன்று காலையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அப்புறம்தான் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடம் ஞாபகம் வந்தது. மூன்று கம்பை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் கொக்கித் தராசு தொங்கும். தராசைக் கழற்றிவிட்டு லென்ஸைத் தொங்கவிட்டால்? கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சி, பகல் நிறுவை முடிகிற நேரத்தில் போனேன். அற்புதம். ஒரு விரலால் தொட்டால் லென்ஸ் எந்தப் பக்கமும் திரும்பியது.

ஆனால் தராசைக் கழற்றுவதற்கு முன் கணக்கப்பிள்ளைக்குக் கை அரித்தது. கம்பு தாங்குமா என்று பார்க்க வேண்டுமாம். லென்ஸை உறையோடு கொக்கியில் மாட்டி, தன் மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கித் தராசு முள்ளைப் பார்த்தார். சுற்றிலும் கூடையோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கொழுந்து நிறையில் கழித்துக் கழித்து வந்த முப்பது வருசப் பழக்கம் லேசில் போகுமா? மனிதர் உரக்க அறிவித்தார்: "ஏழு கிலோ. உறைக்கு ஒண்ணு, மழைத் தண்ணிக்கு ஒண்ணு கழிச்சு, அஞ்சு!"

தூள் பை

தொங்குகிற லென்ஸ் காற்றுக்கு ஆடும். கீழே அண்டக் கொடுக்க ஒரு மெத்துப் பை வேண்டும். மணல் கனம். அரிசி ஈரம் பட்டால் நாறும். மூளையைக் கசக்கி, பஜாரில் மூன்று கிலோ மலிவுத் தேயிலைத் தூள் வாங்கி, காக்கித் துணியில் பை தைத்து நிரப்பினேன். அசைத்து வைத்தால் லென்ஸுக்குத் தக்கபடி குழிந்து கொடுத்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பையோடு போய் மலையின் அமைப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தோட்டத்து கேட்டில் காவல்காரர் மறித்தார். தேயிலைத் தோட்டத்துக்குள்ளிருந்து மூன்று கிலோ தூளை வெளியே கொண்டுபோகிறவனை எந்த ஊரில் விடுவார்கள்? இந்தச் சின்ன விசயம், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். திருட்டுத் தூள் என்று எழுதிவிட்டால் எனக்கு மட்டுமா, அக்காவுக்கும் அல்லவா வேலை போகும்? கடையில் வாங்கினேன் அண்ணே என்று சத்தியம் பண்ணினேன். அவர் பையின் தையலைப் பிரித்தார், ஒரு சிட்டிகை எடுத்தார், முகர்ந்தார், நாக்கில் வைத்தார், கண்ணை மூடி யோசித்தார். பிறகு பையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "போங்க தம்பி. இது நம்ம தோட்டத்துத் தூள் இல்ல. நம்ம தூளுக்கு இவ்வளவு வாசம் ஏது?"

வார்

கடைசியில் எல்லாம் சேர்ந்தது. ஒரு விடியற்காலை தவில் உறையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலை ஏறினேன். கம்புகளை அக்கா எடுத்துக்கொண்டாள். நூறு படி ஏறுவதற்குள் வார் கழுத்தை அறுத்து, கண்ணில் பூச்சி பறந்தது. அக்கா திரும்பிப் பார்த்து, தன் கூடைக் கயிற்றைக் கழற்றி உறையில் கட்டி, என் நெற்றியில் மாட்டிவிட்டாள். பாரம் முதுகில் இறங்கிக்கொண்டது. இருபது வருசமாக இதே மலையில் இருபது கிலோ சுமக்கிறவளுக்குத் தெரியாதா? வலிக்கிறதா அக்கா, உனக்கு இப்படித்தான் தினமும் இருக்குமா என்று கேட்டேன். "பாரத்துக்கு நெத்தி, தங்கத்துக்குத்தான் கழுத்து. எனக்கு கழுத்து சும்மாதானே கெடக்கு" என்றாள்.

படம்

பாறைக்கு எதிரே, ஓடைக்கு இந்தப் பக்கம், மூன்று நாள் காலையில் பழியாகக் கிடந்தேன். மூன்றாம் நாள் வெயில் ஏறும்போது அது வந்தது. பாறையில் படுத்து, முன்காலை நீட்டி, இரண்டு குட்டியும் வாலைக் கடிக்க, அந்தக் கேட்டுக் காவல்காரர் மாதிரி என்னையே பார்த்தது. சொன்னபடி மீசையை எண்ணலாம். பன்னிரண்டு படம் எடுத்தேன்.

நல்ல படம் ஒன்றைப் பெரிதாகக் கழுவிக்கொண்டு அக்காவோடு ஆபீஸுக்குப் போனேன். துரை படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடடா என்றார். மேசையைச் சுற்றி நடந்து இன்னொரு தடவை பார்த்தார். சிறுத்தை அச்சு அசலாக இருந்தது. ஆனால் அதன் பின்னால் மலை, மரம், தேயிலை எல்லாம் பச்சைக் கஞ்சியாகக் கரைந்திருந்தன. தொழில் தெரிந்த சகோதரர்களே, அந்தக் கரைசலுக்காகத்தானே நாம் இவ்வளவு பெரிய லென்ஸைச் சுமக்கிறோம்! சின்ன லென்ஸில் எடுத்தால் மலை தெரியும், சிறுத்தை தெரியாது. பெரிய லென்ஸில் எடுத்தால் சிறுத்தை தெரியும், மலை தெரியாது. துரை படத்தை மெதுவாக மேசையில் வைத்தார். "அருமையான படம், பங்களாவுல மாட்டலாம். ஆனா இது ஏழாம் நம்பர்தான்னு இதுல எங்க இருக்கு?" என்றார்.

கண்

எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. அக்காவுக்கு வரவில்லை. படம் வேணாம் சார், நீங்களே வந்து பாருங்க என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். வராவிட்டால் பயந்துவிட்டார் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேசுவார்கள் என்று துரைக்குத் தெரியும். மறுநாள் காலை வந்தார். கம்பை நட்டு, லென்ஸைத் தொங்கவிட்டு, அடியில் தூள் பையை வைத்து, ஒதுங்கி நின்றேன். துரை தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணை வைத்தார். அந்த நேரம் பார்த்துச் சிறுத்தை எழுந்து, இந்தப் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது. லென்ஸில் பார்க்கிறவனுக்கு அந்தப் பல் மூக்குக்கு முன்னால் நிற்கும். துரை "அம்மே!" என்று பின்னால் பாய்ந்து, ஒரு தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் காற்சட்டையைத் தட்டிவிட்டு, கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, குட்டி பெரிதாகிப் போகும் வரைக்கும் ஏழாம் நம்பர் மூடல், எல்லாருக்கும் இரண்டாம் நம்பரில் முழுப்பேர் என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

நான் துள்ளிக் குதித்தேன். பார்த்தாயா அக்கா, சாமான் எல்லாம் சரியாக அமைந்ததால்தானே நடந்தது என்றேன். அவள் கம்புகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கோபமில்லை, குத்தலும் இல்லை. வெந்நீர் கொதித்துவிட்டது என்று சொல்வது மாதிரி அத்தனை சாதாரணமாகச் சொன்னாள்: "துரை கண்ணாடியில ஒரு தடவ பாத்தாரு, மலைய மூடிட்டாரு. நீ டின்னும் பையும் தேடின பதினெட்டு நாளும், நாங்க அந்தச் சிறுத்தப் பாறைக்கு அடியிலதான் தம்பி கொழுந்து எடுத்தோம்."

பெரிய லென்ஸுக்கு முதலில் தேட வேண்டிய சாமான், அதன் பின்னால் கண்ணை வைக்க ஒரு துரைதான் என்பதை மட்டும் எந்தக் கடைக்காரரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.