வாலில் இல்லாத கொக்கி

ஹெஸ்டரின் அப்பா, இடைக்காலத்தில் ஏடுகளைப் படியெடுத்த எழுத்தர் ஒருவரின் கையெழுத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். அந்த ஆய்வைப் பேராசிரியர் பெல்லமி தன் பெயரில் வெளியிட்டார். அப்பா மனமுடைந்து இறந்தார். பாலம் கட்டும் பொறியாளரான ஹெஸ்டர், லிங்கன் நகர நூலகத்தில் பெல்லமி உரையாற்றிய அன்று, மூல ஏட்டைப் பார்த்து அப்பா வரைந்த படியோடு போனாள்.

"எழுத்தோட வால்ல இருக்கிற இந்தக் கொக்கிதான் அந்த எழுத்தரோட அடையாளம்," என்றார் பெல்லமி.

"மூல ஏட்டுல பாத்தீங்களா, சார்?"

"பின்னே? என் கண்ணால பாத்தேம்மா."

அவள் கேட்க, நூலகர் ஏட்டை எடுத்துவந்து விரித்தார். வாலில் கொக்கியே இல்லை.

ஹெஸ்டர் அப்பாவின் படியை அருகில் வைத்தாள்; அதில் கொக்கி இருந்தது. "இது எங்கப்பா பேனா சிந்தின மை. ரெண்டு பிரதியில ஒரே பிழை இருந்தா, ஒண்ணைப் பாத்து இன்னொண்ணு எழுதினதுன்னு நீங்கதானே பாடம் நடத்துறீங்க?"

கூட்டம் சிரித்தது. பெல்லமி தண்ணீருக்குக் கை நீட்டினார். ஹெஸ்டர் குவளையைத் தள்ளி வைத்தாள்.